காப்புக் கட்டாத கை

சேரங்கோட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் ஜூன் மாதத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இங்கே எதையும் காயவைக்க முடியாது. துவைத்த சட்டை நான்காம் நாளும் ஈரமாகவே இருக்கும். நான் வேலை பார்க்கிற தபால் ஆபீஸில் கவர்கள் யாரும் நாக்கு வைக்காமலே ஒட்டிக்கொள்ளும். அன்னூர்க்காரனான எனக்கு மழை என்றால் வந்து போகிற விருந்தாளி. இங்கே அது வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை. என் பெண்டாட்டி அம்சவேணி ஒரே ஒரு தடவை வந்து மூன்று நாள் இருந்தாள். "ஏனுங்க, இந்த ஊருல மனுசன் பூஞ்சை புடிக்காம இருக்கறதே பெருசுங்க" என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறியவள், அதற்குப் பிறகு போனில் பேசுவதோடு சரி.

எனக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று. நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் தேவியும் அவள் புருஷன் பாலமுருகனும் இருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். அந்தச் சுவரின் உயரம் கூரை வரைக்கும் போகவில்லை. அங்கே கடுகு தாளித்தால் இங்கே நான் தும்முவேன். நான் அம்சவேணியிடம் போனில் திட்டு வாங்கினால் மறுநாள் தேவி என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவர்களுக்கு ஒரு சரக்கு ஆட்டோ உண்டு. அதன் முதுகில் 'பாலமுருகன் ஒலி ஒளி அமைப்பு' என்று சிவப்பில் எழுதியிருக்கும். கோயில் விசேஷம், சர்ச் விழா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் மைக்கும் விளக்கும் வாடகைக்குக் கொடுப்பார்கள். பாலமுருகன் ஆட்டோ ஓட்டுவான், மைக்கில் நல்ல குரலில் அறிவிப்பான். மற்றதெல்லாம் தேவி. அவள் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள். காலையில் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மத்தியானம் ஸ்க்ரூடிரைவரோடு உட்காருவாள். கம்பத்தில் ஏறுவதும் அவள்தான், பியூஸ் போடுவதும் அவள்தான். ஊருக்குள் யாரும் பாலமுருகன் ஒலி ஒளி என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தேவி லைட்ட வரச்சொல்லு" என்பார்கள். பாலமுருகன் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் நிற்பான். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

மழைக்காலத்தில் விளக்குப் பெட்டிகளைச் சும்மா மூடி வைத்தால் உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூத்துவிடும். அதனால் ஜூன் மாதத்திலிருந்து மழைக்காலம் முடியும்வரை தேவி எல்லாப் பெட்டிகளையும் சமையல்கட்டில் அடுக்கி, இரவும் பகலும் பிளக்கைச் செருகியே வைத்திருப்பாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறு சூட்டில் ஈரம் அண்டாது. சமவெளியில் மேடை விளக்கு வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்தால் பைத்தியம் என்பார்கள். இங்கே விளக்குப் பெட்டி வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

இந்தத் தேயிலைத் தோட்ட டிவிசனில் இருப்பவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அங்கே ஆடிய காமன் கூத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். மாசி வளர்பிறையில் காமன் கம்பம் நடுவார்கள். பௌர்ணமியன்று மன்மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்க, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். கம்பம் நட்ட நாளிலிருந்து வேஷம் கட்டுகிறவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருப்பார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவர் மீன், கறி தொடக்கூடாது, பாயில் படுக்கக்கூடாது, புருஷன் பெண்டாட்டி சேரக்கூடாது. காமன் எரிந்த பிறகு, சிவன் வேஷம் கட்டியவர் தன் கையால் ஒவ்வொருவர் காப்பையும் அவிழ்த்துவிடுவார். முன்பெல்லாம் விடிய விடிய ஆடுவார்களாம். இப்போது யானைக்குப் பயந்து சாயங்காலம் நாலு மணிக்கே தப்பு அடிக்க ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறார்கள்.

சிவன் வேஷம் இருபது வருஷமாகச் சங்கிலிக்குத்தான். தேயிலை பாக்டரியில் டிரையரில் வேலை, ஐம்பத்தேழு வயது, ஆறடி உயரம். தேவிக்குச் சித்தப்பா. அவளுக்கு ஏழு வயதில் அப்பா இறந்துபோக, அவளை வளர்த்ததும் தாரை வார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

நெற்றிக்கண்ணுக்கு முன்பு பந்தத்தில் குங்கிலியப் பொடி தூவுவார்கள். மூடுபனியின் ஈரத்தில் அது பாதி நேரம் புகைந்து அணைந்துவிடும். மூன்று வருஷம் முன்பு தேவி ஒரு ஸ்ட்ரோப் லைட் வாங்கினாள். விட்டு விட்டுக் கண்ணைக் கூசும்படி மின்னுகிற விளக்கு அது. அந்த வெளிச்சத்தில் மன்மதன் துடிப்பது துண்டு துண்டாகத் தெரியும். வெளியூரில் அதற்குப் புகை மெஷின் வேறு வேண்டும், இங்கே பனி சும்மாவே வந்து மேடையில் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சுவிட்ச் மேடைக்குப் பின்னால் இருந்ததால் தேவிக்குச் சிவன் முகம் தெரியவில்லை. முதல் ஒத்திகையில் சங்கிலி கண்ணைத் திறந்து மூடி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் விளக்கு மின்னியது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குத்தான் அவள் ரிமோட் போட்டாள். கார் ஷெட் கதவைத் திறக்கிற மாதிரியான சின்ன ரிமோட், சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவு. விளக்குப் பெட்டிக்குள் அதற்கான ரிசீவரை வைத்தாள். பொத்தானை அமுக்கியிருக்கும்வரை விளக்கு மின்னும், விட்டால் நிற்கும். சுவர் குறுக்கே இருந்தாலும் வேலை செய்யும். கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் உட்கார்ந்து, சங்கிலியின் நடுவிரல் நெற்றியைத் தொடுகிற அதே நேரத்தில் அமுக்குவாள். முதல் வருஷம் அது மின்னியபோது கிழவிகள் மார்பில் கை வைத்தார்கள்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. நெற்றிக்கண் திறப்பவர் காப்புக் கட்டியிருக்கவேண்டும், பெண்கள் காமன் கூத்தில் காப்புக் கட்டும் வழக்கமே கிடையாது என்று கோயில் கமிட்டியில் சொன்னார்கள். சங்கிலிதான் எழுந்து நின்று வழக்கைத் தீர்த்தாராம். "கண்ணு எங்கிட்ட இல்ல. அவ கையில இருக்கு. அப்ப காப்பும் அவளுக்குத்தான்." சொன்னதோடு நிற்காமல் தன் கையாலேயே கட்டியும் விட்டார். இதை எனக்குச் சொன்னபோது தேவி அந்தக் கையை நீட்டிக் காட்டினாள்.

இந்த வருஷம் மாசிப் பௌர்ணமி மார்ச் மாதம் வந்தது. நான் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். தேவி எனக்கு இரண்டடி தள்ளித் தரையில், ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறரை மணி. பனி மேடையின் முழங்கால்வரை ஏறியிருந்தது. சங்கிலி ஜடாமுடியும் சூலமுமாக மேடை ஓரத்தில் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். தவத்தில் உட்காருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அப்போது விளக்கு மின்னியது. பனி முழுக்க வெள்ளையாகி, எனக்கு மேடையே தெரியவில்லை. நாலு விநாடி இருக்கும். நின்றபோது மேடையில் சங்கிலி இல்லை. கீழே, சாக்கடைக் கல்லின்மேல், சூலத்தைப் பிடித்தபடியே கிடந்தார்.

இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. கூத்து அங்கேயே நின்றுபோயிற்று. காமன் எரியாமல் கம்பத்தைப் பிடுங்குவது பெரிய தோஷம் என்று பரிகாரம் செய்தார்கள். சிவன் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பூசாரியே எல்லோர் காப்பையும் அவிழ்த்தார். தேவி மட்டும் கையை நீட்டவில்லை. சித்தப்பா எழுந்து வந்து அவிழ்க்கட்டும், அதுவரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் போட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தீர்மானம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நான் பெருமையோடுதான் போனேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேவியை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்கள். அவள் எதையும் மறுக்கவில்லை.

"குளிருல வெரல் மரத்துப்போயிருந்துச்சுங்க. அமுக்குனது எனக்கே தெரியல. ஆனா ரிமோட்டு எங்கையிலதான் இருந்துச்சு" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். "காப்புக் கட்டுன எட்டாம் நாளு இவருக்குக் கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். உப்புப் பாக்கறதுக்கு நாக்குல ஒரு சொட்டு வெச்சுட்டேன். பழக்கதோசம். அதுதான் என் கையில வந்து நின்னுருச்சுபோல."

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பாலமுருகன் மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியை நாலுபேர் முன்னால் நிறுத்திவிட்டார்களே என்று சங்கடப்படுகிறான் என நினைத்து, அவனுக்காக நான் பரிதாபப்பட்டேன். கைப்பிழையால் நேர்ந்த விபத்து என்றும், இனி நெற்றிக்கண் விளக்கைப் பெண்கள் இயக்கக்கூடாது, பாலமுருகனே பொறுப்பேற்கவேண்டும் என்றும் குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன்.

அன்று அம்சவேணியிடம் போனில் சொன்னேன். அவள், "பாவம் ஒரு பொம்பள மேல கைப்பிழைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க, சோறு எறங்குச்சுங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளே ஒத்துக்கொண்டாள், நான் என்ன செய்ய என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. பிறகுதான் குரலைத் தாழ்த்தினேன்.

அதற்கு அப்புறம் மூன்று மாதம் தேவி இருந்த இருப்பைப் பார்த்தவன் நான். காப்பு கையில் இருந்ததால் விரதமும் இருந்தது. ஒருவேளைச் சோறு, அதுவும் ரசமோ மோரோ. வெறும் சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்துப் படுப்பாள். ராத்திரி அவள் இருமுவது எனக்குக் கேட்கும். விளக்குப் பெட்டிகளைத் துடைத்து வைப்பாள், ஆனால் எந்த விசேஷத்துக்கும் போகமாட்டாள். பாலமுருகன்தான் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு போய்வந்தான். அவன் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. புது ஜெர்கின் வாங்கியிருந்தான்.

தினமும் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்ததும், குளித்து, கஞ்சியும் துவையலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் லயத்து வரிசை வீட்டுக்குப் போவாள். தேயிலைக்கு நடுவே ஒரு மைல் ஏற்றம், அட்டைக்கடி. சங்கிலியின் மனைவி அங்கம்மா வாசலிலேயே தூக்குவாளியை வாங்கிக்கொள்வாளாம். முகம் பார்த்துப் பேசமாட்டாளாம். பேசினால் அது இப்படித்தான் இருக்கும் என்று பைப்படியில் கேட்டவர்கள் சொன்னார்கள். "வெளிச்சம் காட்டுறேன்னு வந்து என் வூட்டு வெளக்க அணைச்சிட்டா." அங்கம்மாவைக் குறைசொல்ல முடியாது. மூன்று மாதமாக ஆறடி மனிதரைத் தூக்கி உட்காரவைத்து, கழுவித் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஒருநாள் நானும் சங்கிலியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கம்மா தண்ணிக்குப் போயிருந்த நேரம், தேவி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சித்தப்பா, போதும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சங்கிலி, "விடும்மா. நடந்தது நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காப்பை அவிழ்க்கச் சொல்லி அங்கிருந்த யாரோ எடுத்துச் சொன்னபோது, தான் எழுந்து நிற்கிற அன்றைக்குப் பார்க்கலாம் என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று அன்று அம்சவேணியிடம் வியந்து வியந்து சொன்னேன். மனிதர்களை எடைபோடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை அப்போது இருந்தது.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் போன கரண்ட் ஆறு மணிக்குத்தான் வந்தது. நான் வாசல்படியில் நின்று கூரைத் தண்ணீருக்கு வாளி மாற்றிக்கொண்டிருந்தேன். பாலமுருகன் பைக்கில் வந்து இறங்கினான். ரெயின்கோட்டை உதறி, கையுறையைக் கழற்றாமலே வண்டிச் சாவியை உருவினான். அப்போது தேவியின் சமையல்கட்டு ஜன்னல் பளிச் பளிச்சென்று மின்னியது. மழைக்கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவன் சாவியைப் பைக்குள் போட்டதும் நின்றது.

மின்னல் என்றுதான் நானும் நினைத்தேன். மின்னல் வீட்டுக்குள்ளிருந்து வெளியே அடிக்காது என்று எனக்கு உறைப்பதற்குள் தேவி வெளியே வந்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது.

"இன்னொருக்கா அமுக்குங்க" என்றாள்.

"எத?"

"கையில இருக்கறத."

"மின்னுது தேவி, இடி விழுகப்போகுது. உள்ள போ" என்றான் பாலமுருகன்.

"இடிச் சத்தம் எங்க?"

அவள் படியிறங்கி, மழையில் நனைந்தபடி அவன் பைக்குள் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தாள். வண்டிச் சாவி, ஒரு சின்ன வேல், அதோடு கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்று. அதை அமுக்கினாள். ஜன்னல் மின்னியது. விட்டாள். மறுபடி அமுக்கினாள். மூன்றாம் தடவை ரொம்ப நேரம் அமுக்கியே பிடித்திருந்தாள். அந்த வெளிச்சத்தில் பாலமுருகனின் முகம் வந்து வந்து போனது. நான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"பெட்டியோட வந்த ரெண்டு ரிமோட்டுல ஒண்ணு பைப்படிப் பீலித்தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க" என்றாள். பெரிதாகக் கத்தவில்லை. "தூக்கி எறிஞ்சுட்டேன்னு சொன்னீங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுவர் குறைவாகத்தான் மறைத்தது. காதைப் பொத்திக்கொள்கிற யோக்கியன் இல்லை நான். முதலில் அவன் சத்தியம் செய்தான், பிறகு தண்ணீர் குடித்தான், பிறகு அழுதான். மார்ச் மாதம் அவனிடம் அந்த ரிமோட் இருந்தது. சங்கிலி விழவேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லையாம். நேரம் கெட்டு விளக்கு மின்னினால் முதல் ஒத்திகை மாதிரி எல்லோரும் சிரிப்பார்கள், அவளால் முடியவில்லை என்று கமிட்டியில் வேலையை இவனிடம் கொடுப்பார்கள், அவ்வளவுதானாம்.

"வண்டியில எழுதியிருக்கறது எம்பேரு. ஆனா எவனாச்சும் எம்பேரச் சொல்லுறானா? தேவி லைட்டு, தேவி லைட்டு. நான் உனக்கு டிரைவரு. எத்தன வருசம் சிரிச்சுக்கிட்டே நிக்கறது?"

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்ல" என்றாள் தேவி.

அதற்குப் பிறகு அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. சாப்பிட்ட சத்தம் இல்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. நான் எழுதிய தீர்மானத்தின் ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் வந்தது. கைப்பிழை என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடுகூடப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை தேவி என் கதவைத் தட்டினாள். ஒரு கையில் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிய விளக்குப் பெட்டி, இன்னொரு கையில் கஞ்சித் தூக்குவாளி. கண் வீங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. மூன்று மாதமாக அதை நான் பார்த்ததில்லை.

"சார், சித்தப்பா வூடுவரைக்கும் வர்றீங்களா? அன்னைக்கி எழுதுனது நீங்கதான. இதையும் நீங்க பாக்கணும்."

"வர்றனுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். சித்தப்பாவுக்கு இனி மனசு லேசாகிவிடும், தான் வளர்த்த பிள்ளை கையால் விழவில்லை என்று தெரிந்தால் போதும், பாதி வலி போய்விடும் என்றாள். சின்னம்மாவும் இன்றைக்கு உள்ளே வந்து உட்காரச் சொல்வாள் என்றாள். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் போக இன்னும் ஓர் இடம் இருந்தது. அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

லயத்து வீடு ஒரே அறை. சங்கிலி கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன் என்றாள். தேவியைப் பார்க்கவில்லை. தேவி தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து, சுவரில் பிளக்கைச் செருகினாள். பிறகு சாவிக்கொத்தை எடுத்துச் சங்கிலியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சித்தப்பா, அந்தக் கறுப்புப் பொத்தான அமுக்குங்க."

சங்கிலி அதைப் பார்த்தார். வேல், வண்டிச் சாவி இரண்டையும் பார்த்தார். அமுக்கவில்லை. மழைச் சத்தம் தகரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. தேவி சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சிரிப்பு குறைந்தது.

"இது என்னான்னு கேக்கமாட்டீங்களா சித்தப்பா?"

அவர் சாவிக்கொத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"யார் சாவின்னு கேக்கமாட்டீங்களா?"

சங்கிலி சாவிக்கொத்தைப் போர்வைமேல் வைத்தார். "ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாம்மா" என்றார். "ரெண்டாம் நாளே. காலப் புடிச்சிக்கிட்டு அழுதான்."

தேவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சங்கிலி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காப்புக் கட்டாத கை நெற்றிக்கண்ணைத் தொட்டதென்று வெளியே தெரிந்தால் ஊர் அவனைச் சேர்க்காது, வண்டியை நிறுத்தவேண்டியதுதான், அப்புறம் அவளுக்குத்தான் கஷ்டம் என்று யோசித்தாராம்.

"ஆம்பள மேல கெட்ட பேரு வந்தா குடும்பம் போயிரும். பொம்பள கைப்பிழைன்னா நாலு நாளு பேசுவாங்க, மறந்துருவாங்க. ஒன் நல்லதுக்குத்தாம்மா."

"நான் ஒங்க காலப் புடிச்சு அழுதப்பயும் தெரியும்."

"தெரியும்."

"நான் தரையில படுக்குறதும் தெரியும்."

அடுப்படியில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. அங்கம்மா எழுந்து வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

"நான் இவள என்னென்னா சொன்னேன்" என்றாள் புருஷனிடம். "பைப்படியில நின்னு சொன்னேன். வாசல்ல நிறுத்திச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்த?"

என் முறை வந்ததுபோலத் தோன்றியது. நான் எழுதியதை நானே அடித்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன், நாளைக்கே கமிட்டியைக் கூட்டச் சொல்கிறேன் என்றேன்.

"சித்தப்பா சொன்னா எழுதுங்க சார்" என்றாள் தேவி.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். இருபது வருஷம் மேடையில் அத்தனை கூட்டத்தின் முன்னால் கண் திறந்தவர். அவர் மெல்ல, இடுப்பு வலியோடு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவி எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து விளக்குப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பொத்தான். அதை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு படபடவென்று துடித்து அணைந்தது. இனி எந்த ரிமோட்டும் இதற்குத் தெரியாது சார், என்னுதும் தெரியாது, புதுசாச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு என்று என்னிடம் சொன்னாள், ஏதோ வேலை கற்றுக்கொடுப்பதுபோல. பிறகு மணிக்கட்டை நீட்டிக் காப்பைப் பார்த்தாள். மஞ்சள் போய்ப் பழுப்பாகி, தோலோடு இறுகிக் கிடந்தது. முடிச்சு அவிழுகிற நிலையில் இல்லை.

அங்கம்மா அடுப்படிக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்தாள். தேவியின் கையைத் தன் மடியோடு வைத்துப் பிடித்து, கயிற்றுக்கு அடியில் கத்திமுனையை விட்டு, வெளிப்பக்கமாக இழுத்து அறுத்தாள். அறுந்த கயிறு கட்டிலுக்கு அடியில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

கிளம்பும்போது அங்கம்மா, "ஒரு ரொட்டியாச்சும் தின்னுட்டுப் போ" என்றாள். தேவி அவள் தோளைத் தொட்டாள், ஆனால் நிற்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டாள். மூடியபடியே இருந்த கஞ்சித் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள். லயம் கண்ணுக்கு மறைந்த முதல் வளைவில் கஞ்சியைத் தேயிலைச் செடிக்கு அடியில் கொட்டினாள்.

சாயங்காலம் நான் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பாலமுருகன் வெளியே பைக்கின்மேல் மழையில் உட்கார்ந்திருந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு தடவை தேவி, தேவி என்று கூப்பிட்டான், அப்புறம் விட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவள் ஜன்னல் பளிச்சென்று மின்னி நின்றது. தன் ரிமோட்டை மறுபடி பழக்கியிருக்கிறாள். நனைந்துகொண்டிருந்தவன் அந்த வெளிச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு சுவருக்கு மேலாக ஒரு வாசனை வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் அதை யாரும் அண்டவிடமாட்டார்கள். கருவாட்டுக் குழம்பு. புளியும் மிளகாயும் சேர்ந்து கொதிக்கிற நெடி. அவள் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்க்கிற சத்தம்வரை எனக்குக் கேட்டது. பிறகு ஒரே ஒரு தட்டு எடுக்கிற சத்தம்.

"சார்" என்று அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "கருவாட்டுக் கொழம்பு இருக்கு. தரட்டுமா? நீங்க சாப்பிடுவீங்களோ என்னமோ."

கருவாட்டு வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும். வீட்டிலும் தெரிந்தால் அம்சவேணி ஒரு வாரம் பேசமாட்டாள்.

"குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்தேன்.